சிவப்புப் பக்கமும் ஒரு காதுகுத்தும்

கணினிப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் கேபிள் மாட்டுவதைப் பற்றியோ கட்டளைகளைப் பற்றியோ பேசப்போவதில்லை. அதெல்லாம் நான் ஓய்வு பெற்றபின் எவ்வளவோ மாறிவிட்டது, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேச நினைப்பது அந்தச் சிவப்புப் பக்கத்தைப் பற்றி. ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று திரை முழுக்க வந்து நிற்குமே, அது. அதன் கீழே ஒரு மூலையில், தெரிந்தும் தெரியாமலும், எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போக ஒரு சந்து இருக்கும். நம் ஜனங்கள் மேலே இருப்பதைப் படிக்கவே மாட்டார்கள். விரல் நேராக அந்தச் சந்துக்குப் போய்விடும்.

நம் ஊரில் ‘பரவாயில்ல’ என்ற வார்த்தைக்கு இருக்கிற செல்வாக்கு மந்திரிக்குக்கூடக் கிடையாது. காபியில் சர்க்கரை இல்லையா, பரவாயில்ல. பஸ்ஸில் இடம் இல்லையா, பரவாயில்ல. ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் நின்று, ‘நான்தான் ஒங்க வீட்டுக்காரன், கதவத் தெறங்க’ என்றால் அதற்கு மட்டும் யாரும் பரவாயில்ல என்று சொல்வதில்லை. சிவப்புப் பக்கம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். அது தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினி அறையில்தான் என் உத்தியோகக் காலம் முழுவதும் போனது. ஓய்வு பெற்றதும் திருவரங்குளத்துக்கு வந்துவிட்டேன். ஓய்வு என்றால் என்ன, அதே வேலையை நாற்காலி இல்லாமல் செய்வதுதான். போன் சூடாகிறது என்பார்கள், படம் வரவில்லை என்பார்கள், நானும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்படித்தான் தேன்மொழி வீட்டுக்குப் போனேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் வீடு.

அவள் கணவர் கருப்பையா வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். அவர் விமானம் ஏறும்போது தேன்மொழிக்கு ஐந்தாம் மாதம். குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது, எதையும் அவர் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. அவர் இருக்கிற நாட்டில் முகம் பார்த்துப் பேசும் செயலிகள் எதுவும் ஓடாது. வெறும் போன் பேச்சுதான். இது தெரிந்துதான் புறப்படும் முன்பே மனிதர் ஒரு காரியம் செய்திருந்தார். புதுக்கோட்டையில் ஒரு பழைய சின்னக் கணினியை வாங்கி, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அதை வீட்டு சர்வராக மாற்றி, ஹாலில் ஒரு கேமராவையும் மாட்டிவிட்டுப் போனார். அங்கிருந்து தன் போனில் கடவுச்சொல்லைப் போட்டால் தன் வீட்டு ஹாலைப் பார்க்கலாம். தேன்மொழி எடுத்துச் சேர்த்துவைக்கிற படங்களையும் பார்க்கலாம்.

எல்லோரும் படங்களைப் போடுகிற இடத்தில் போட்டால் என்ன என்று உறவில் பலபேர் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

“புள்ள மொகத்த ஊரு ஒலகம் பாக்கக் கூடாதுக்கா. அவுக பாத்தாப் போதும். கண்ணு பொல்லாதது” என்றாள் தேன்மொழி.

முதலில் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் யோசித்தேன், நம் துறையில் தலையணை அளவு புத்தகம் எழுதிச் சொல்வதும் இதைத்தானே. அவர்கள் திருஷ்டி என்கிறார்கள், நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம். குழந்தை யாழினியின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு இருக்கும். அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த சர்வர் பெட்டியின் நெற்றியிலும் ஒரு மைப்பொட்டு இருந்தது.

அந்த வீட்டு மத்தியானங்கள் எனக்கு இன்னும் கனவு மாதிரிதான் நினைவுக்கு வருகின்றன. சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கும். மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். பெட்டி மெல்ல முனகிக்கொண்டிருக்கும், அதன் பச்சை விளக்கு நிதானமாகச் சிமிட்டும். திடீரென்று விளக்கு படபடவென்று அடிக்கத் தொடங்கினால் தேன்மொழி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாள். “அவுக பாக்குறாக” என்பாள். எங்கோ மணல் காற்றடிக்கிற ஊரில் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு மனிதர் போனைத் திறந்திருக்கிறார் என்று அந்த விளக்கு சொல்லும். பேச்சு ஒன்றும் இருக்காது. அவர் பார்ப்பார், இவள் பார்க்கப்பட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். கொஞ்ச நேரத்தில் விளக்கு பழையபடி நிதானமாகிவிடும்.

தொல்லை ஒன்றே ஒன்றுதான். வாரத்தில் சில நாள் அவர் போனில் அந்தச் சிவப்புப் பக்கம் வரும். சான்றிதழ் என்பது ‘நான்தான் இந்த வீடு’ என்று சர்வர் நீட்டுகிற அடையாளச் சீட்டு. பெரிய இடத்துச் சீட்டுகளில் எல்லோரும் ஒப்புக்கொண்ட முத்திரை இருக்கும். வீட்டுப் பெட்டி தன் சீட்டைத் தானே எழுதிக்கொள்ளும். ‘இந்த முத்திரையை நான் பார்த்ததில்லையே’ என்று போன் முறைக்கும். கருப்பையா அதைச் சட்டை செய்யாமல் கீழே அழுத்திவிட்டுப் போவார். மனைவிக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருந்தார், செவப்பா வந்தா பயப்படாத, அழுத்திட்டுப் போயிரு என்று. அவர் மேல் தப்பில்லை. தினமும் குரைக்கிற நாய்க்கு யார் எழுந்து வந்து பார்ப்பார்கள்?

அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓராண்டு ஆயுளோடு ஒரு புதுச் சான்றிதழ் எழுதி, அதன் நகலை அவர் போனுக்கு அனுப்பினேன். அதை அவர் தன் போனில் ஏற்றிக்கொண்டால் போன் நம் வீட்டை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் ஏற்றும் முன், அங்கே போய்ச் சேர்ந்ததும் இங்கே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு கைரேகை உண்டு, அதை ஒத்துப் பார்க்கலாம் என்றேன். தேன்மொழி உடனே கட்டைவிரலைச் சேலையில் துடைத்து நீட்டினாள். “எந்தக் கைக்கா?” ரேஷன் கடைப் பழக்கம்.

சான்றிதழின் கைரேகை என்பது எழுத்தும் எண்ணுமாக முப்பத்திரண்டு ஜோடி. கருப்பையா தன் போனிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். நான் இங்கே திரையைப் பார்த்துச் சரி சொல்ல, தேன்மொழி அதைப் பெட்டியின் மூடிமேலேயே மார்க்கரால் எழுதிக்கொண்டாள். ஏழு சி. நாலு எஃப். பி ரெண்டு. இப்படியே போய் ஓர் இடத்தில் அவர் “ஈ ஈ” என்றார். தேன்மொழி மார்க்கரோடு கையை வீசி, மடியில் கிடந்த குழந்தையின் முகத்திலிருந்து இல்லாத ஈயை விரட்டினாள். விரட்டிய பிறகுதான் அது ஆங்கில எழுத்து என்று அவளுக்கு உறைத்தது. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் குழந்தையும் சிரித்தது. அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

எல்லாம் பொருந்த வேண்டுமா என்று கேட்டாள். “எங்க கல்யாணத்துக்கே பத்துக்கு ஏழு பொருத்தந்தேன்க்கா இருந்துச்சு. நல்லாத்தான இருக்கோம்.”

கல்யாணத்துக்கு ஏழு போதும், இதற்கு எல்லாமே வேண்டும், ஒன்று தப்பினாலும் அது வேறு வீடு என்றேன். கருப்பையாவிடமும் சொன்னேன், இனிமேல் உங்களுக்குச் சிவப்பு வராது, வந்தால் அது உங்கள் வீடு இல்லை என்று. சரிங்க மேடம் என்றார். சரி என்று சொல்வது சுலபம்தான்.

கொஞ்ச நாளில் யாழினிக்குக் காதுகுத்து வைத்தார்கள். மொட்டை குலதெய்வக் கோயிலில் முதல்நாளே முடிந்துவிட்டது. காதுகுத்தையும் அங்கேயே வைத்திருப்பார்கள், கருப்பையா பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். அவருக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் நாளும் வெள்ளிதான். பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் இரண்டு காதும் முடிய வேண்டும். தாய்மாமன் சின்னத்துரை, அதாவது தேன்மொழியின் அண்ணன், பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு மடியில் குழந்தையை வைத்திருந்தார். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை வாழைப்பழத்தில் மும்முரமாக இருந்தது. கேமராவுக்குத் தெரிகிற மாதிரி எல்லோரையும் நகர்ந்து உட்காரச் சொல்லி நான்தான் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

தேன்மொழியின் போனில் கருப்பையா பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அவர் குரலில் அன்றைக்கு ஒரு துள்ளல்.

“இந்தா வாரேன், இந்தா வாரேன். செவப்பா ஒண்ணு வந்து நிக்கிது. இருங்க, அழுத்திட்டு வாரேன்.”

“கருப்பையா, அழுத்தாதீங்க” என்றேன்.

ஹாலில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்த நெட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தன் போனில் டேட்டா முந்தினநாளே தீர்ந்துவிட்டது, தங்குமிடத்தில் புதிதாக ஏதோ இலவச வைஃபை வருகிறது, அதில்தான் என்றார். கைரேகையைப் படிக்கச் சொன்னேன். ஒண்ணு டி என்று தொடங்கினார். பெட்டி மூடியில் எங்களுக்கு ஏழு சி.

உங்களுக்கு இப்படி ஒரு நேரம் வரும், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு உண்மையில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வைஃபை, பெயரும் எண்ணும் கேட்கிற தன் பதிவுப் பக்கத்தைக் காட்டுவதற்காக இடையில் நுழைந்திருக்கலாம், அதில் ஒரு கெடுதலும் இல்லை. அல்லது யாரோ நடுவில் உட்கார்ந்து கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கலாம். இரண்டுக்கும் அதே சிவப்புதான். அவர் அழுத்தினால் அநேகமாகக் காதுகுத்தைப் பார்த்துவிடுவார். கூடவே யார் கையிலாவது அந்த ஹால் போய்விடவும் கூடும். அங்கேதான் அந்தப் பெண் படுக்கிறாள், பால் கொடுக்கிறாள். பச்சை விளக்கு படபடக்கும்போது அவுக பாக்குறாக என்று நிமிர்ந்து உட்காருவாள், பார்ப்பது அவராக இருக்காது. எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

சின்னத்துரைக்குக் கோபம் வந்துவிட்டது. “மச்சான் அவரு வீட்டப் பாக்குறதுக்கு அவருக்கே ரேக பாக்கணுமாங்க? அழுத்திட்டு வரச் சொல்லுங்க. நேரம் போகுது” என்றார். நியாயமான கோபம். ஆசாரியும் மெல்லச் சொன்னார், பழம் தீர்ந்தால் பிள்ளை உட்காராது என்று.

நான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். அது யார் என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாதபோது திறக்க வேண்டாம் என்பது என் யோசனை, முடிவு வீட்டுக்காரர்களுடையது. இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி பயமுறுத்திச் சொல்லியிருந்தால் எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டிருப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

தேன்மொழி பெட்டி மூடியைப் பார்த்துக்கொண்டே போனில் கேட்டாள். “முழுக்கப் பாருங்க. ஈ ஈ இருக்கா?”

அவர் தேடினார். “இல்ல.”

“அப்ப அது நம்ம வீடு இல்லைங்க. அழுத்தாதீங்க.”

போனில் காலடிச் சத்தம் கேட்டது. இரவு வேலை முடித்துவிட்டுத் தங்குமிடத்தின் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்த ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர் ஒருவரை எழுப்பி அவர் டேட்டாவைக் கடன் கேட்கக் கருப்பையா ஓடியிருக்கிறார். இங்கே பழம் தீர்ந்துவிட்டது. குழந்தை நெளியத் தொடங்கியது. சின்னத்துரை தங்கையைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். யாழினி வீறிட்ட சத்தம் அந்த ஸ்பீக்கர் போன் வழியாக அவருக்குப் போயிருக்கும். அவர் படி ஏறும் மூச்சு எங்களுக்குக் கேட்டது. என் உத்தியோகத்தில் எத்தனையோ நெருக்கடியைப் பார்த்திருக்கிறேன், அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றதைப் போல எதுவும் என்னை வதைத்ததில்லை.

குழந்தையை மறுபக்கம் திருப்பும்போது அவர் குரல் வந்தது. சிவப்பு இல்லை என்றார். சிவப்பு இல்லாவிட்டால் படிக்கவே வேண்டாம், ஆனாலும் அவர் சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி மளமளவென்று படித்தார். ஏழு சி, நாலு எஃப், பி ரெண்டு. ஈ ஈ என்றபோது தேன்மொழி அழுதுகொண்டிருந்தாள். அலமாரியில் பச்சை விளக்கு படபடவென்று அடித்தது. ஆசாரி தானாகவே குழந்தையின் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பி வைத்து அடுத்த காதைக் குத்தினார்.

“ஒரு காதுதேன் பாத்தேன் மேடம்” என்றார் கருப்பையா. குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விருந்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னத்துரை இலைக்கு வந்து பாயசம் ஊற்றினார், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வைஃபை சில நாளில் காணாமல் போய்விட்டதாகப் பின்னால் தெரிந்தது. யார் வைத்தது, எதற்கு வைத்தது, இன்றுவரை யாருக்கும் தெரியாது. ‘கடைசியில் திருடன்தானே மேடம்?’ என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. நாம் தடுத்த ஆபத்து நம்மிடம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவதில்லை. பார்க்க முடியாமல் போன ஒரு காது மட்டும்தான் கணக்கில் நிற்கும். இந்த வேலையில் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

கருப்பையா என்னிடம் பல வாரம் பேசவில்லை. ஆனால் அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைத் திறக்கும் முன், போனில் மனைவியைக் கூப்பிட்டுக் கைரேகையை முழுக்கப் படிப்பார். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பெட்டி மூடியைப் பார்த்து ‘ம்’ கொட்டுவாள். இது தேவையே இல்லை, போன் தானே பார்த்துக்கொள்ளும் என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். “அவுகளுக்குப் படிக்கணுமாம்க்கா. படிச்சிட்டுப் போறாக” என்றாள். போகப்போக அவர் படிப்பில் ஒரு ராகம் வந்துவிட்டது. ஈ ஈ வரும் இடத்தில் இவள் குழந்தையின் மூக்கருகே கையை வீசி விரட்டுவாள், அது கலகலவென்று சிரிக்கும். சில வெள்ளிக்கிழமைகளில் அது கேட்டுக்கொண்டே தூங்கிப்போகும். அவர் மெல்ல முடித்துவிட்டு, தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓராண்டு ஓடியது. சான்றிதழின் ஆயுள் முடிகிற வாரம் வந்தது. புதிது எழுதிவிட்டு வரலாம் என்று நான் மடிக்கணினியோடு அங்கே போயிருந்த அன்றுதான், ஒப்பந்தம் முடிந்து கருப்பையா திருச்சியில் இறங்கி வீட்டுக்கு வந்தார். கார் சத்தம் கேட்டு யாழினி வாசலுக்கு ஓடினாள். தாடியும் கறுத்த முகமுமாக ஒரு மனிதர் இறங்கிக் கையை விரித்ததும் அலறிக்கொண்டு திரும்பி வந்து தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். அவர் சாக்லேட்டை நீட்டினார். விளக்கெரிகிற பொம்மையை முடுக்கிவிட்டார். எதற்கும் அவள் வெளியே வரவில்லை. சேலைக்குள்ளிருந்தே “போ” என்றாள். இதுதான் அப்பா என்று தேன்மொழி எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. இரண்டு வருஷமாக அந்த ஹாலின் ஒவ்வொரு மூலையையும் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த ஹாலிலேயே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு நிலைப்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். கிட்டே போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தொடங்கினார்.

“ஏழு சி. நாலு எஃப். பி ரெண்டு.”

சேலைக்குள் அழுகை நின்றது. அவர் அதே ராகத்தில், மூடியைப் பார்க்காமல், மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றுவிட்டார். தேன்மொழி சொல்ல வாயெடுத்தாள், நான் அவள் கையைப் பிடித்தேன்.

சேலை மடிப்பிலிருந்து மொட்டைக்குப் பிறகு முடி வளர்ந்த சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

“ஈ… ஈ” என்றாள் யாழினி. மூக்கருகே கையை வீசி இல்லாத ஈயை விரட்டிக்கொண்டே அவரை நோக்கி நடந்தாள்.

நான் மடிக்கணினியைத் திறக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இரண்டு நாள் கழித்துப் போய்த்தான் புதுச் சான்றிதழ் எழுதினேன். எழுதும்போதெல்லாம் கைரேகை மாறும், முதலில் வந்ததில் ஈ ஈ இல்லை. அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன், அதிலும் இல்லை. மறுபடியும் அழித்தேன். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் என்று எதுவும் கிடையாது, என்னிடம் கேட்காதீர்கள். ஈ ஈ வரும்வரை எழுதினேன்.